பள்ளியை விடாமல் பி.ஜி.: சொந்தப் பாடமா, எம்.ஏ. கல்வியியலா, எம்.எட்.டா, பகுதிநேர பிஎச்.டி.யா?

ஜூனில் பள்ளி திறந்து ஒரு வாரம் ஆனதும் ஆசிரியர் அறையில் இந்தப் பேச்சு வந்துவிடும்: “இந்த வருஷம் கரஸ்ல ஏதாவது ஒண்ணு போட்டுடலாமா சார்?” கரஸ் என்றால் தொலைநிலைக் கல்வி. அந்த ‘ஏதாவது ஒண்ணு’தான் பின்னால் வினையாகிறது. மூன்று நான்கு ஆண்டு கழித்துப் பட்டம் கையில் இருக்கும், பணிப்பதிவேட்டிலும் ஏறியிருக்கும், ஆனால் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் இருக்காது. விசாரித்தால் படித்த பாடம் பொருந்தவில்லை என்பார்கள். இல்லையென்றால் மதிப்பெண் ஒன்றிரண்டு குறைந்திருக்கும், அல்லது தேர்வு முடிவு ஒரு மாதம் தள்ளி வந்திருக்கும்.

தமிழ்நாட்டில் வேலையில் இருந்துகொண்டே முதுநிலை படிக்க நினைக்கும் ஆசிரியருக்கு நடைமுறையில் நான்கு வழிகள் உண்டு. தான் நடத்தும் பாடத்திலேயே எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. படிக்கலாம், எம்.ஏ. கல்வியியல் படிக்கலாம், எம்.எட். படிக்கலாம், அல்லது பகுதிநேர பிஎச்.டி.யில் சேரலாம். இவற்றில் எது உயர்ந்தது என்று கேட்பது வீண். எந்தப் பணியிடத்துக்கு எது தகுதி என்பதும், பள்ளி நாட்காட்டியோடு எது மோதாது என்பதும்தான் முடிவைத் தீர்மானிக்க வேண்டும்.

பணத்துக்காக என்றால்

பணக் கணக்கை முதலிலேயே முடித்துவிடலாம். மூத்த ஆசிரியர்கள் “ரெண்டு இன்சென்டிவ் வாங்கினேன்” என்று சொல்வது பழைய காலத்துக் கதை. உயர்கல்வித் தகுதிக்கு வழங்கப்பட்டு வந்த ஊக்க ஊதிய உயர்வை 2020 மார்ச் 10 அன்று வந்த அரசாணை 37 நிறுத்திவிட்டது. அதற்குப் பின் வந்தது ஒரே முறை வழங்கும் தொகை மட்டும்தான், மாதாமாதம் சம்பளத்தோடு சேர்ந்து வளரும் உயர்வு கிடையாது.

பதவி உயர்வால் சம்பளம் எகிறும் என்ற எண்ணமும் அப்படித்தான். 2017-ல் வந்த ஊதியக் குழு அட்டவணையில் பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 36,400 ரூபாய், மேல்நிலை வகுப்பு எடுக்கும் முதுகலை ஆசிரியருக்கு 36,900 ரூபாய். இடையில் இருப்பது 500 ரூபாய். பதவி உயர்வின்போது ஊதிய நிர்ணயத்தில் கிடைக்கும் உயர்வையும் சேர்த்தால்கூட, இரண்டு மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்து வாங்கும் அளவுக்கு அது பெரிய தொகை இல்லை. மேல்நிலை வகுப்புகளை எடுக்க வேண்டும், மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் வரை போகும் பாதையில் ஏற வேண்டும், பி.எட். கல்லூரிக்கோ, மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனமான டயட்டுக்கோ போக வேண்டும், அல்லது பாடத்தை ஆழமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பவைதான் நிற்கக்கூடிய காரணங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். 1 முதல் 8 வரை உள்ள வகுப்புகளுக்கு எடுப்பவர்கள் டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வு பற்றி 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை மறந்துவிட்டு எம்.ஏ.வுக்கு விண்ணப்பிக்க வேண்டாம். ஓய்வுபெற 5 ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் 2 ஆண்டுக்குள் டெட் தேற வேண்டும் என்கிறது அத்தீர்ப்பு. 5 ஆண்டுக்குள் ஓய்வுபெறுபவர்கள் பணியில் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கேட்டால் அவர்களுக்கும் டெட் வேண்டும். டெட் இல்லாதவருக்கு அடுத்த இரண்டு ஆண்டின் மாலை நேரம் அதற்கே சரியாகப் போகும். முதுநிலை காத்திருக்கட்டும்.

சொந்தப் பாடத்தில் எம்.ஏ., எம்.எஸ்சி.

பட்டதாரி ஆசிரியராக இருந்து முதுகலை ஆசிரியராக வேண்டும் என்பவருக்கு இது ஒன்றுதான் வழி. எம்.எட். முடித்திருந்தாலும் பிஎச்.டி. முடித்திருந்தாலும் பாடத்தில் முதுநிலைப் பட்டம் இல்லையென்றால் மேல்நிலை வகுப்புக்குத் தகுதி வராது.

இதில் அதிகம் பேர் விழும் குழி ‘கிராஸ் மேஜர்’. பி.எஸ்சி. கணிதம் படித்துக் கணித ஆசிரியராக இருப்பவர், “எம்.எஸ்சி. கணக்கு கஷ்டம், எம்.ஏ. இங்கிலீஷ் பாஸாகிடலாம்” என்று சேர்கிறார். பாஸும் ஆகிறார். ஆனால் முதுகலை ஆசிரியர் பணிக்கு இளநிலையிலும் முதுநிலையிலும் ஒரே பாடம் கேட்கப்படுகிறது. கணிதத்தில் முதுநிலை இல்லாததால் அவருக்குக் கணிதப் பணியிடம் இல்லை. ஆங்கிலத்தில் இளநிலை இல்லாததால் ஆங்கிலப் பணியிடமும் இல்லை. ஆங்கிலம் படிக்கும் ஆசை வேறு, அதில் தவறே இல்லை. பதவி உயர்வுக் கணக்கில் அது சேராது என்பதைத் தெரிந்துகொண்டு படிக்கட்டும்.

அதற்கடுத்த குழி பட்டத்தின் பெயர். ‘பயன்பாட்டு வேதியியல்’, ‘கணினிப் பயன்பாடுகளுடன் கணிதம்’ என்று அடைமொழியோடு வரும் பட்டங்கள் நேரடியாக ‘வேதியியல்’, ‘கணிதம்’ என்று ஏற்கப்படா. அந்தப் பல்கலைக்கழகத்தின் அந்தப் பட்டம் இணையானது என்று உயர்கல்வித் துறையின் இணைத்தன்மை அரசாணை இருக்க வேண்டும். சேர்வதற்கு முன்பே அரசாணையின் எண்ணையும் நாளையும் கண்டுபிடித்து அச்செடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். “எங்க ஸ்டடி சென்டர்ல ஈக்குவல்னு சொன்னாங்க” என்பதை எந்த அலுவலகமும் கோப்பில் சேர்க்காது.

அறிவியல் பாடங்களைத் தொலைநிலையில் படிக்கும்போது செய்முறை வகுப்பு எப்போது, எங்கே, எத்தனை நாள் என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். ஆய்வகப் பயிற்சியைத் தொடர்ச்சியாகப் பல நாட்கள் வைப்பார்கள், வருகை கட்டாயம். அது கோடை விடுமுறையில் விழுந்தால் நல்ல காலம். பள்ளி நாளில் விழுந்தால் விடுப்புதான். மொழிப் பாடங்களுக்கும் வரலாறு, பொருளியலுக்கும் இந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் தொலைநிலையில் அவற்றுக்குக் கூட்டம்.

மதிப்பெண்: தேர்ச்சி வேறு, தகுதி வேறு

மேல்நிலை வகுப்பு ஆசிரியருக்கு முதுநிலையில் குறைந்தது 50 விழுக்காடும் பி.எட்.டும் வேண்டும் என்று ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுவின் 2014 தகுதி விதி சொல்கிறது. தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளியில் பி.ஜி.டி. எனும் முதுகலை ஆசிரியர் ஆக நினைப்பவரும் இதே அளவுகோலுக்கு உட்பட்டவர்தான். கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தகுதித் தேர்வு எழுதவும் பிஎச்.டி. சேரவும் பொதுப் பிரிவுக்கு 55 வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 50. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் முதுநிலைத் தேர்ச்சி மதிப்பெண்ணோ 40. தமிழ்நாட்டின் பல பல்கலைக்கழகங்களில் 50. ஆக, இக்னோவில் 46 விழுக்காட்டில் தேறியவர் பட்டதாரிதான், ஆனால் தகுதியற்றவர்.

இதைச் சரிக்கட்டும் இடம் அசைன்மென்ட். இக்னோவின் முறையில் பெரும்பாலான தாள்களுக்கு அசைன்மென்டுக்கு 30 விழுக்காடு எடை, தேர்வுக்கு 70. கணக்குப் போட்டுப் பாருங்கள். அசைன்மென்டில் 75 வாங்கினால் அதிலிருந்து 22.5 வந்துவிடும். மொத்தம் 55 ஆக மீதி 32.5 போதும், அதாவது தேர்வில் 47 எடுத்தால் சரி. அசைன்மென்டை ஒப்புக்கு எழுதி 55 வாங்கியவர் தேர்வில் முழுதாக 55 எடுக்க வேண்டும். ஒன்பது மணிக்குப் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுப் படிப்பவருக்கு இந்த 8 மதிப்பெண் பெரிய வித்தியாசம்.

அசைன்மென்ட் தொலைவதும் உண்டு, கொடுத்தும் மதிப்பெண் ஏறாமல் போவதும் உண்டு. கொடுக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் ஸ்கேன் செய்து தாள்வாரியாகக் கோப்பில் வையுங்கள். ஒப்புகைச் சீட்டில் தாளின் குறியீட்டெண்ணும் நாளும் இருக்கிறதா என்று கவுன்டரை விட்டு நகருமுன் பாருங்கள். ‘8 அசைன்மென்ட் பெறப்பட்டது’ என்று மொத்தமாக எழுதிக் கொடுத்த சீட்டு, எட்டில் ஒன்றுக்கு மட்டும் மதிப்பெண் வராதபோது எதற்கும் உதவாது.

டிசம்பரா, ஜூனா

நாட்காட்டியில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள். இக்னோவில் ஆண்டுக்கு இரண்டு சேர்க்கை, ஜனவரி, ஜூலை. தேர்வும் இரண்டு, ஜூன், டிசம்பர். டிசம்பர் தேர்வு நம்முடைய அரையாண்டுத் தேர்வோடு அப்படியே மோதும். காலையில் பத்தாம் வகுப்புத் தேர்வறைக் கண்காணிப்பு, அதே பத்து மணிக்கு வேறு ஊரில் உங்கள் தேர்வு. ஜூன் தேர்வு பள்ளி திறக்கும் நாட்களில் வரும். சேர்க்கை, பாடநூல் விநியோகம் என்று வேலை இருந்தாலும் அரையாண்டு அளவுக்கு முட்டாது. அசைன்மென்ட் கெடுவும் பெரும்பாலும் ஜூன் தேர்வுக்கு மார்ச், ஏப்ரலில் முடியும், அதுதான் பொதுத்தேர்வும் விடைத்தாள் திருத்தும் பணியும் நடக்கும் நேரம். டிசம்பர் தேர்வுக்கான கெடு காலாண்டுத் தேர்வை ஒட்டி வரும். ஆகவே கெடு தேதியைப் பார்த்து வேலை செய்யாமல், பொங்கல் விடுமுறைக்குள் பாதி அசைன்மென்டை முடிப்பது என்று வைத்துக்கொள்வது நல்லது.

தேர்வு வார நாட்களிலும் வரும். தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12 நாள்தான். ஓராண்டில் ஏழெட்டுத் தாள் எழுதினால் அதில் பாதிக்கு மேல் போய்விடும், மீதியில்தான் வீட்டுக் காரியமும் காய்ச்சலும். ஜனவரியிலேயே 12 நாளில் 7 நாளைத் தேர்வுக்கென்று மனத்தளவில் ஒதுக்கிவிடுங்கள்.

சேரும் மாதத்துக்கும் பதவி உயர்வுக்கும் உள்ள தொடர்பை யாரும் சொல்லித் தருவதில்லை. முதுகலை ஆசிரியர் பதவி உயர்வுப் பட்டியல் ஜனவரி 1 நிலவரப்படி தயாராகும். ஆண்டுமுறைத் தேர்வு உள்ள இரண்டாண்டுப் படிப்பில் 2026 ஜூலையில் சேர்ந்தால், 2027 ஜூனிலும் 2028 ஜூனிலும் தேர்வு. முடிவு 2028 ஆகஸ்ட், செப்டம்பரில் வரும். 2029 ஜனவரி 1 பட்டியலுக்கு விண்ணப்பிக்கலாம். ஆறு மாதம் பொறுத்து 2027 ஜனவரியில் சேர்ந்தால் கடைசித் தேர்வு 2028 டிசம்பரில் நடக்கும், முடிவு 2029 தொடக்கத்தில் வரும், பட்டியலோ 2030 ஜனவரி 1. ஆறு மாதத் தாமதம் ஓர் ஆண்டு முன்னுரிமையைத் தின்றுவிடுகிறது.

நேரத்தையும் மணிக்கணக்கில் பார்த்துவிடுங்கள். தொலைநிலைக் கல்வியில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. 80 கிரெடிட் என்றால் 2,400 மணி நேரம். இரண்டு ஆண்டில், அதாவது 104 வாரத்தில் முடிக்க வாரம் 23 மணி நேரம் வேண்டும். பத்தாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியரால் ஆகிற காரியமா? மூன்று ஆண்டுக்குப் பரப்பினால் வாரம் 15 மணி, நான்கு ஆண்டுக்குப் பரப்பினால் பதினொன்றரை மணி. இரண்டாண்டுப் படிப்பை முடிக்க இக்னோ தரும் உச்ச வரம்பு நான்கு ஆண்டு. மூன்று ஆண்டுத் திட்டம் போட்டு முதல் தேர்வில் பாதித் தாள் மட்டும் எழுதுபவர்தான், எட்டுத் தாளையும் எழுதி ஐந்தில் தோற்பவரைவிடப் பெரும்பாலும் முந்தி முடிக்கிறார்.

ஒரு சின்ன எச்சரிக்கை. இரண்டாம் ஆண்டுக்கான மறுபதிவு வேறு, தேர்வு விண்ணப்பம் வேறு. மறுபதிவுக் கட்டணம் கட்டிவிட்டு ஹால் டிக்கெட் வரும் என்று காத்திருப்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் தனித்தனிக் கெடு, தனித்தனிக் கட்டணம்.

எம்.எட்.: மாட்டிவிடும் பட்டம்

எம்.எட். பற்றிச் சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும். 2014 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த தேசியக் குழு விதிகளின்படி எம்.எட். இரண்டு ஆண்டு, நேரடி வகுப்பு. அந்த விதிகளின் பட்டியலில் தொலைநிலை பி.எட். இருக்கிறது, பகுதிநேர பி.எட். இருக்கிறது, தொலைநிலை எம்.எட். இல்லை. ஆண்டுக்கு 200 வேலை நாள், வாரத்துக்கு 36 மணி நேரம், பாடங்களுக்கு 80 விழுக்காடு வருகை, களப் பணிக்கு 90 விழுக்காடு. இந்த எண்களை உங்கள் பள்ளி வேலை நாட்களின் மேல் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே திங்கள் முதல் வெள்ளிக்குள்தான் நடக்கின்றன.

“சேர்ந்துக்கோங்க, தேர்வுக்கு மட்டும் வந்தாப் போதும்” என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கல்லூரி வருகைப் பதிவேட்டில் நீங்கள் இருக்கும் அதே நாளில் பள்ளி வருகைப் பதிவேட்டிலும் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கியிருக்கிறீர்கள். முழுநேரப் பட்டத்தைப் பணிப்பதிவேட்டில் ஏற்றக் கொடுக்கும்போது அலுவலகம் கேட்கும் முதல் கேள்வி, “அந்தக் காலத்தில் எந்த விடுப்பில் இருந்தீர்கள்?” அதற்குப் பதில் இல்லாவிட்டால் பட்டம் போவது மட்டுமல்ல, ஒழுங்கு நடவடிக்கையும் வரும்.

நேர்வழி, விடுப்பில் போய்ப் படிப்பது. கையிருப்பில் உள்ள ஈட்டிய விடுப்பு சில மாதங்களுக்குத்தான் வரும், மீதி ஊதியமில்லா விடுப்பு. தொடக்க நிலைப் பட்டதாரி ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் மட்டுமே 24 மாதத்துக்கு 8,73,600 ரூபாய். அகவிலைப்படி தனி. ஊதியமில்லா விடுப்புக் காலத்தால் ஆண்டு ஊதிய உயர்வும் தள்ளிப்போகும். பி.எட். கல்லூரி வேலைதான் இலக்கு என்று உறுதியாக இருப்பவருக்கு மட்டும் இது பொருந்தும்.

2025 பிப்ரவரியில் தேசியக் குழு வெளியிட்ட வரைவு விதிகளில் ஓராண்டு முழுநேர எம்.எட்.டும் பணியில் இருப்பவர்களுக்கு இரண்டாண்டுப் பகுதிநேர எம்.எட்.டும் சொல்லப்பட்டன. எம்.எட்.டுக்கு அவசரம் இல்லாதவர் அந்த வழி திறப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் ஒரு கல்லூரி ‘பகுதிநேரம்’ என்று விளம்பரம் கொடுத்தால், அந்தப் படிப்புக்கென்று தனியாகத் தேசியக் குழுவின் அங்கீகார ஆணை இருக்கிறதா என்று கேளுங்கள். முழுநேர எம்.எட்.டுக்கு வாங்கிய ஆணையைக் காட்டுவார்கள், அது செல்லாது.

எம்.ஏ. கல்வியியல்

எம்.எட்.டின் தொலைநிலை வடிவம் இது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எம்.எட். தொழில்முறைப் பட்டம், அதற்குத் தேசியக் குழுவின் அங்கீகாரம் வேண்டும். எம்.ஏ. கல்வியியல் மற்ற எம்.ஏ.க்களைப் போல ஒரு பாடப் பட்டம். பி.எட். இல்லாதவரும் படிக்கலாம்.

அது திறக்கும் இடம் சிறியது, ஆனால் உண்மையானது. 2014 விதிகளின்படி பி.எட். கல்லூரியில் கல்வியியல் அடிப்படைப் பாடங்களை நடத்த இரண்டு வழிகள் உண்டு. சமூக அறிவியலில் முதுநிலையோடு எம்.எட். என்பது ஒரு வழி. எம்.ஏ. கல்வியியலோடு பி.எட். என்பது இன்னொன்று. எல்லாவற்றிலும் 55 விழுக்காடு வேண்டும். கல்வியியலில் நெட் எழுதவும் இந்த எம்.ஏ. போதும். கணிதம் கற்பித்தல், அறிவியல் கற்பித்தல் போன்ற பாடங்களை நடத்த வேண்டுமென்றால் அந்தந்தப் பாட முதுநிலையும் எம்.எட்.டும்தான். பள்ளிக்குள் பதவி உயர்வுக்கு இந்தப் பட்டத்தால் ஒன்றும் இல்லை.

இக்னோவில் இதை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் படிக்க முடியும். தமிழ்வழியில் படித்து வந்தவருக்கு முதல் ஆறு மாதம் கலைச்சொல்லோடு மல்லுக்கட்டுதான். ஆனாலும் நான்கு வழிகளில் வகுப்பறைக்கு உடனே பயன்படுவது இதுதான் என்று சொல்லலாம். மதிப்பீடு, பாடத்திட்டம், கற்றல் உளவியல் என்று படிப்பதெல்லாம் மறுநாள் காலை கண்முன் நிற்கும். ஆய்வேட்டுக்கும் தரவு தேடி அலைய வேண்டாம், உங்கள் எட்டாம் வகுப்பே போதும். ‘கற்றல் அடைவுகள் மீதான தாக்கம்’ என்று மாவட்டம் முழுக்க 300 பேருக்கு வினாத்தாள் கொடுக்கும் தலைப்பை எடுக்காதீர்கள். பத்துப் பள்ளித் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்குவதற்குள் ஒரு பருவம் போய்விடும். பின்னக் கழித்தலில் தவறு செய்யும் 35 மாணவர்களை எட்டு வாரம் கவனிக்கும் தலைப்பு, ஒரு தலைமையாசிரியரின் கையெழுத்தோடு தொடங்கிவிடும்.

பகுதிநேர பிஎச்.டி.

எம்.பில்.லை முதலில் ஒதுக்கிவிடலாம். 2022 நவம்பரில் வந்த பல்கலைக்கழக மானியக் குழு விதிகளோடு அது முடிந்தது. முன்பு படித்தவர்களின் பட்டம் செல்லும், இனி சேர்ந்தால் செல்லாது.

அதே விதிகள் பகுதிநேர பிஎச்.டி.யை அனுமதிக்கின்றன. தொலைநிலையிலோ இணையவழியிலோ பிஎச்.டி. கிடையாது. பணியில் இருப்பவர் கொடுக்க வேண்டிய தடையின்மைச் சான்றில் மூன்று செய்திகள் இருக்க வேண்டும்: பகுதிநேரமாகப் படிக்க அனுமதி உண்டு, ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்கப் பணி இடம் தருகிறது, தேவைப்பட்டால் பாடநெறி வகுப்புக்குப் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார். மூன்றாவது வரிதான் சிக்கல். அதை எழுதித் தர அலுவலகம் தயங்கும். ‘ஆட்சேபணை இல்லை’ என்று ஒரே வரியில் வாங்கிப் போன சான்று பல்கலையிலிருந்து திரும்பி வரும். மூன்று செய்தியையும் வரைவாகத் தட்டச்சு செய்து விண்ணப்பத்தோடே இணைத்துக் கொடுங்கள்.

குறைந்தது 3 ஆண்டு, பொதுவாக 6 ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். பெண்களுக்குக் கூடுதல் அவகாசம் உண்டு. பாடநெறிக்குக் குறைந்தது 12 கிரெடிட், பிறகு ஒவ்வொரு பருவமும் ஆய்வு ஆலோசனைக் குழு முன் போய் நிற்க வேண்டும். இதனால் நெறியாளரின் ஊர் முக்கியம். மதுரையில் நெறியாளர், கிருஷ்ணகிரியில் பள்ளி என்றால் ஒவ்வொரு சந்திப்புக்கும் இரண்டு நாள் விடுப்பு. நெறியாளரின் ஓய்வு ஆண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், ஆனால் நடுவில் நெறியாளர் மாறினால் தலைப்பும் ஆட்டம் காணும்.

பள்ளிப் பதவிகளுக்கு பிஎச்.டி. தகுதியாகக் கேட்கப்படுவதில்லை. கல்லூரிக்குப் போக நினைப்பவருக்கும், ஒரு கேள்வி மனத்தை விட்டுப் போகாதவருக்கும்தான் இது.

சேரும் முன் பார்க்க வேண்டிய தாள்கள்

பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருப்பது வேறு, அந்தப் பாடத்தை அந்த ஆண்டு தொலைநிலையில் நடத்த அங்கீகாரம் இருப்பது வேறு. மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவான டெப் ஒவ்வொரு பருவத்துக்கும் பல்கலைவாரியாக, பாடவாரியாகப் பட்டியல் வெளியிடுகிறது. நீங்கள் சேரும் ஆண்டு, சேரும் பருவம், சேரும் பாடம் மூன்றும் அதில் இருக்கும் பக்கத்தை அச்செடுத்து நாள் குறித்து வையுங்கள். ஐந்து ஆண்டு கழித்து அந்தப் பக்கம் இணையத்தில் இருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. மாநிலப் பல்கலைக்கழகம் தொலைநிலையில் தன் எல்லைக்கு வெளியே மாணவரைச் சேர்க்க முடியாது. அதனால் வேறு மாநிலப் பல்கலையின் ‘சென்டர்’ நம் ஊரில் இருந்தால் அந்தப் படியிலேயே திரும்பிவிடலாம். முழு இணையவழிப் படிப்புக்கு இந்த எல்லை இல்லை. அதன் பட்டமும் சமமானதுதான், கட்டணம் கூடுதல், தமிழ்வழி அரிது.

2024 முதல் தொலைநிலை, இணையவழிச் சேர்க்கைக்கு டெப் அடையாள எண் வேண்டும். அதற்கு, கிரெடிட்களைச் சேர்த்து வைக்கும் மின்கணக்கான ஏ.பி.சி.யின் எண் வேண்டும், அதற்கு ஆதார். நம்மூர் இனிஷியல் இங்கேதான் காலை வாரும். பத்தாம் வகுப்புச் சான்றில் முன்னால் ‘கே.’, ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால், பி.எட். சான்றில் இனிஷியலே இல்லை. கடைசி நாளில் இது தெரியவந்தால் ஒரு சேர்க்கைப் பருவமே போகும். விண்ணப்பிக்கும் முந்தைய மாதமே ஆதாரைப் பத்தாம் வகுப்புச் சான்றுக்கு ஒத்தபடி திருத்திவிடுங்கள்.

அரசுப் பள்ளி ஆசிரியர் உயர்கல்விக்கு முன் அனுமதி பெற வேண்டும். தலைமையாசிரியர் வழியாக உரிய கல்வி அலுவலருக்கு, பாடம், பல்கலைக்கழகம், பயிலும் முறை, காலம் நான்கையும் குறிப்பிட்டு விண்ணப்பம் போக வேண்டும். உதவிபெறும் பள்ளியில் செயலர் வழியாக. அனுமதி ஆணையின் நாள் சேர்க்கை நாளுக்கு முந்தியதாக இருக்க வேண்டும். பிந்தினால் பின்னேற்பு அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்கும், விளக்கம் கேட்டுக் குறிப்பாணையும் வரலாம். ஆணை வரத் தாமதமாகும் என்பதால், ஜூலைச் சேர்க்கைக்கு ஏப்ரலிலேயே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.

பட்டம் வந்ததும் கடைசி வேலை உண்மைத்தன்மைச் சான்று. அலுவலகம் பல்கலைக்கு எழுதி, பல்கலை பதிவேட்டைச் சரிபார்த்து, பதில் அஞ்சலில் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். பட்டமளிப்பு விழாவுக்குக் காத்திருக்காமல் தற்காலிகப் பட்டச் சான்றும் ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலும் கிடைத்த வாரமே, கட்டண ரசீதோடு விண்ணப்பத்தைக் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரையும் பெறப்பட்ட நாளும் வாங்கிக்கொள்ளுங்கள். டிசம்பரில் பட்டியலுக்குக் கருத்துரு போகும்போது சான்று வந்திருக்காவிட்டால், விண்ணப்பித்ததற்கு ஆதாரமாகக் காட்ட உங்கள் கையில் இருக்கப்போவது முத்திரை விழுந்த அந்த நகல்தான்.